மந்திரவாதிக்கு என்ன நிறம்?

சென்ற மாதச் செயற்குழுவில் படிப்பகத்துக்குப் புத்தகம் வாங்கும் கணக்கு விவாதத்துக்கு வந்தபோது ஒரு தகராறு மூண்டது. நமது இளைஞர் அணித் தோழர்கள் கிங்ஸ் சர்க்கிள் நடைபாதைக் கடைகளில் பேரம் பேசி ஒரு கட்டுப் பழைய ஆங்கில நாவல்களை வாங்கி வந்துவிட்டார்கள். எல்லாம் பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் படிக்கும் மாயாஜாலக் கதைகள். மந்திரவாதி, பறவை நாகம், பேசும் நிழல், மறைந்த தீவு என்று அட்டையிலேயே தெரிகிறது. மூத்த தோழர் ஒருவர் எழுந்தார். "பெரியார் படத்தை மாட்டி வைத்த சுவருக்குக் கீழே மந்திரவாதிக் கதையா? இதற்கா மாதாமாதம் இட்லி விற்கிறவனிடமும் தோல் பட்டறைக்காரனிடமும் சந்தா வாங்குகிறோம்?" என்று கேட்டார். பதில் சொல்ல முடியாமல் தீர்மானத்தை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்தோம்.

உண்மையைச் சொல்லிவிடுகிறோம். அன்று நாமும் மூத்த தோழர் பக்கம்தான் இருந்தோம். இன்று அப்படியில்லை. ஏன் மாறினோம் என்பதைச் சந்தா கொடுக்கும் குடும்பங்கள் முன்னால் வைப்பது நமது கடமை.

நமது மாலை வகுப்புக்கு வரும் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி, ஆங்கில வழியில் படிப்பவள், அந்தக் கட்டிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துப்போய் மூன்றே நாளில் திருப்பிக் கொண்டுவந்தாள். "மாமா, இதுல வர்ற பய நம்ம கலருதாம். ஆனா அட்டையில வெள்ளையா போட்டுருக்கான், பாருங்க" என்றாள். பள்ளியில் அவளுக்கு 'காலி' என்று பட்டப்பெயர் உண்டென்பது அவள் தாயார் சொல்லி நமக்குத் தெரியும். அவளோ அதைப் பற்றி ஒரு வார்த்தையும் நம்மிடம் சொன்னதில்லை. அட்டையைப் பற்றித்தான் சொன்னாள்.

புத்தகத்தை வாங்கிக்கொண்டோம். லிஃப்கோ அகராதியைப் பக்கத்தில் வைத்து, மதிய உணவு இடைவேளைகளில் பத்துப் பக்கம், எட்டுப் பக்கம் என்று படித்து முடிக்க ஒரு மாதம் ஆயிற்று. நமது ஆங்கிலம் மெட்ரிக் ஆங்கிலம்.

அமெரிக்கப் பெண் எழுத்தாளர் உர்சுலா லெ குவின் 1968-ல் எழுதிய 'எர்த்ஸீயின் மந்திரவாதி' என்ற நாவல் அது. கடல் நடுவே நூற்றுக்கணக்கான தீவுகள். அதிலொரு மலைத்தீவில் வெண்கலக் கொல்லன் ஒருவனின் மகன், தாயை இழந்தவன், ஆடு மேய்க்கிறவன். ஊரில் மருந்து மந்திரம் பார்க்கும் பெரியம்மாக்காரியிடம் நாலு மந்திரம் கற்றுக்கொள்கிறான். பின்னர் மந்திரப் பள்ளிக்கூடத்துக்குப் போகிறான். ஹாரி பாட்டருக்கு 29 ஆண்டுகள் முன்னாலேயே வந்த பள்ளிக்கூடம் இது. அங்கே மேட்டுக்குடிப் பையன் ஒருவன் இவனை இளக்காரம் செய்கிறான். ரோஷம் பொறுக்காமல் தன் சக்திக்கு மீறியதைச் செய்து காட்டப்போய் ஒரு நிழலை உலகத்தில் அவிழ்த்துவிட்டு விடுகிறான். அந்த நிழல் இவனைத் துரத்துகிறது. இவன் ஓடுகிறான். ஒரு கட்டத்தில் இவனே திரும்பி நின்று அதைத் துரத்த ஆரம்பிக்கிறான். கதை அவ்வளவுதான். ஆனால் இந்தப் பையனின் தோல் செம்பழுப்பு. அவனுடைய உயிர்த் தோழன் நல்ல கறுப்பு. தீவுவாசிகளில் பெரும்பாலோர் பழுப்பும் கறுப்பும்தான். வெள்ளைத்தோலும் மஞ்சள் முடியுமாகக் கப்பலில் வந்து இறங்கி ஊரைக் கொளுத்துகிறவர்கள் வேறொரு நாட்டார். கொள்ளைக்காரன் என்றால் கறுப்பாக இருக்க வேண்டும் என்ற கணக்கை இந்த அம்மையார் தலைகீழாக்கிவிட்டார். இத்தனைக்கும் அவர் வெள்ளைக்காரர். உலகத்தில் பெரும்பாலான மக்கள் வெள்ளையர் அல்லர், கற்பனை உலகத்தில் மட்டும் ஏன் எல்லோரும் வெள்ளையராக இருக்கவேண்டும் என்பது அவர் வாதம்.

எழுதிவிட்டால் போதுமா? அட்டை போடுகிறவன் வேறு ஆள் அல்லவா? பல ஆண்டுகளாகப் பல பதிப்புகளின் அட்டையில் அந்தப் பையன் வெளுத்தே வந்தான். 2004-ல் அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனம் ஒன்று இந்தக் கதையைத் தொடராக எடுத்தபோது கதாநாயகனாக வெள்ளைக்கார நடிகரையே போட்டது. லெ குவின் பேசாமலிருக்கவில்லை. என் மக்களை வெள்ளையடித்து விட்டார்கள் என்ற பொருளில் பகிரங்கமாகக் கட்டுரை எழுதிக் கண்டித்தார். 2018-ல் 88 வயதில் மறையும்வரை இந்தச் சண்டையை அவர் விடவில்லை.

அந்த நாட்டு நிலவரத்தையும் கொஞ்சம் பார்ப்போம். 1965-ல் நான்ஸி லாரிக் என்ற கல்வியாளர் ஒரு கணக்கெடுத்தார். 1962 முதல் 1964 வரை மூன்றாண்டுகளில் வெளியான 5,206 பிள்ளைகள் புத்தகங்களில் கறுப்பினத்தவர் ஒருவராவது தலைகாட்டும் புத்தகங்கள் 349. நூற்றுக்கு 6.7. அந்த 349-லும் பாதிக்கு மேற்பட்டவை வெளிநாட்டிலோ பழைய காலத்திலோ நடக்கும் கதைகள். அவரை இந்தக் கணக்குக்குத் தூண்டியது, வெள்ளைப் பிள்ளைகளாகவே இருந்த படப்புத்தகத்தைப் பார்த்து ஐந்து வயதுக் கறுப்பினப் பெண் குழந்தை கேட்ட கேள்வி. இருபதாண்டு கழித்து 1985-ல் விஸ்கான்ஸின் பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள் நூல் மையம் எண்ணிப் பார்த்தபோது, அவ்வாண்டு வெளிவந்த சுமார் 2,500 நூல்களில் கறுப்பினத்தவர் எழுதியதோ வரைந்ததோ 18.

இதைவிட நம்மைச் சிந்திக்க வைத்த சம்பவம் ஒன்றுண்டு. 'ஹங்கர் கேம்ஸ்' என்ற நாவலில் ரூ என்ற சிறுமி வருகிறாள். அவளுக்குக் கரும்பழுப்புத் தோல் என்று 2008-ல் வெளியான நூலிலேயே அச்சிட்டிருக்கிறது. 2012-ல் படம் வந்து, கறுப்பினச் சிறுமி அந்த வேடத்தில் தோன்றியதும், படித்து அழுத ரசிகர்களில் சிலரே இவளா அவள் என்று முகம் சுளித்து எழுதினார்கள். அதாவது, எழுத்து கண்ணில் பட்டும் மனத்தில் ஏறவில்லை. நல்ல பிள்ளை, பாவப்பட்ட பிள்ளை என்றதும் மனம் தானாகவே வெள்ளை பூசிக்கொண்டுவிட்டது.

அமெரிக்காக்காரனைச் சிரித்துப் பயனில்லை. நம் வீட்டுப் பிள்ளையிடம் ஒரு தாளும் வண்ணப் பென்சிலும் கொடுத்து இளவரசி படம் வரையச் சொல்லிப் பாருங்கள். 1967-ல் தொடங்கிய அமர் சித்திரக் கதை வரிசையை நம்மில் எத்தனையோ பேர் ரயில் நிலையக் கடையில் வாங்கிப் பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கிறோம். அதில் நல்லவர்கள் சிவப்பு, அசுரர்கள் கறுப்பு என்ற வண்ணக் கணக்கைப் பலர் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். அந்தக் கணக்கைத் திருப்பிப் போடப் பா. ரஞ்சித்தின் 'காலா' 2018-ல் வர வேண்டியிருந்தது. திருநெல்வேலியிலிருந்து வந்த தமிழர்களின் தாராவியைக் களமாக வைத்து, கறுப்புச் சட்டைக்காரனை நாயகனாகவும் வெள்ளை உடுத்தியவனை வில்லனாகவும் நிறுத்தியபோது கொட்டகையில் நம்மவர் எழுந்து நின்று கைதட்டினார்கள். திரையில் பார்த்தால் கைதட்டுகிறோம், புத்தகமாக வந்தால் மூடநம்பிக்கை என்கிறோம். இது என்ன நியாயம்?

மூத்த தோழரின் ஆட்சேபணையை நாம் லேசாகத் தள்ளவில்லை. புராணத்தால் நாம் பட்டது கொஞ்சமா? ஆனால் புராணத்தின் குற்றம் அதில் பறக்கும் தேர் இருப்பதல்ல. நடந்தது என்று நம்பச் சொல்வதும், நம்புகிறவனிடம் காணிக்கை வாங்குவதும், பிறப்பால் மேல் கீழ் உண்டு என்பதற்கு அதையே சாட்சியாகக் காட்டுவதும்தான் அதன் குற்றம். இந்த நாவலுக்கு உண்டியல் கிடையாது. எர்த்ஸீ மந்திரவாதிக்கு எந்தப் பிள்ளையும் கற்பூரம் கொளுத்தப் போவதில்லை. இது பொய் என்று தெரிந்தே படிக்கிறது. பொய்யைப் பொய்யென்று தெரிந்து ரசிக்கப் பழகிய பிள்ளை, மெய்யென்று ஒருவன் விற்க வரும்போது கேள்வி கேட்கும் என்பது நமது எண்ணம். பகுத்தறிவுக்கு இது பகையாகுமா? தோழர் மறுபடியும் யோசிக்கட்டும்.

இன்னொரு விஷயம் நம்மைத் தூங்கவிடவில்லை. அந்த நாவலில் மந்திரமென்பது வேறொன்றுமில்லை, ஒன்றின் உண்மைப் பெயரை அறிவதுதான். கல்லுக்கு, அலைக்கு, பருந்துக்கு ஒவ்வொரு உண்மைப் பெயர் உண்டு. மனிதனுக்கும் உண்டு. அதை உயிருக்கு உயிரானவரிடம் மட்டுமே சொல்வார்கள். மற்றவர்களுக்கு ஒரு வழக்குப் பெயர். இதைப் படித்தபோது நமக்கு நமது மக்கள் ஞாபகம்தான் வந்தது. இந்த நகரம் பம்பாயாக இருந்தபோது, 1960-களின் கடைசியில் தென்னிந்தியருக்கு எதிரான கிளர்ச்சியில் நம் வேட்டியைச் சொல்லி ஏசிக் கோஷம் போட்டார்கள். அன்று நம் அப்பாக்களுக்கு ஒரே பெயர், மதராசி. மலையாளியும் மதராசி, தெலுங்கனும் மதராசி. இன்றும் இட்லிப் பாத்திரத்தைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிப்போகிறவரை 'அண்ணா' என்று கூப்பிடுகிறார்களே தவிர அவர் பெயர் யாருக்காவது தெரியுமா?

படிவம் நிரப்பும் தொழிலில் இருபதாண்டு கழித்தவர்கள் நாம். ஊரில் அப்பா பெயரின் முதலெழுத்தோடு பெயர் முடிந்துவிடும். இங்கே படிவத்தில் மூன்று கட்டம் இருக்கும்: பெயர், தந்தை பெயர், குடும்பப் பெயர். மூன்றாவது கட்டத்தைக் காலியாக விட்டால் வாங்கமாட்டார்கள். என்ன எழுதுவது என்று தெரியாமல் விழித்தவர்கள், சுயமரியாதைக்காரர்களாக இருந்தவர்கள் கூட, ஊரில் உதறிவிட்டு வந்த சாதிப் பட்டத்தை அந்தக் கட்டத்தில் எழுதிக் கொடுத்தார்கள். இன்று பேரப்பிள்ளைகளின் சான்றிதழில் அது குடும்பப் பெயராகக் குந்திக்கொண்டிருக்கிறது. ஒரு காலிக் கட்டம் செய்த வேலை இது. பெயருக்கு மந்திர சக்தி உண்டென்று அந்த அம்மையார் எழுதியதை நாம் கட்டுக்கதை என்று சொல்லமாட்டோம்.

அதற்காக வருகிற புத்தகத்தையெல்லாம் தலையில் வைத்துக் கொண்டாடவும் நாம் தயாரில்லை. 2014-க்குப் பிறகு அமெரிக்காவில் எழுத்தாளர்களும் வாசகர்களும் இயக்கமாகக் கூடி, எல்லா இனத்துப் பிள்ளைகளுக்கும் கதை வேண்டும் என்று குரல் கொடுத்தது நல்லதே. ஆனால் பதிப்பாளர்கள் இதிலும் சந்தையைக் கண்டுவிட்டார்கள். கதையின் ஓரத்தில் பழுப்பு நிறத்தவர் ஒருவரை நிறுத்திவிட்டுக் கணக்குத் தீர்க்கிறவர்கள் உண்டு. ஹாரி பாட்டரிலேயே பார்வதி, பத்மா என்று இரட்டையர் வருகிறார்கள். குடும்பப் பெயர் பாட்டீல், நம்ம பேட்டைப் பெயர்தான். அவர்களைப் பற்றி நினைவில் நிற்பது ஒரு நடன விருந்துக்குக் கதாநாயகனுக்கும் அவன் நண்பனுக்கும் ஜோடியாகப் போனார்கள் என்பதே. 2018-ல் ரோஷனி சோக்ஷி எழுதிய 'ஆரு ஷா' நாவலில் இந்திய வம்சாவளிப் பெண் பிள்ளைகள் பாண்டவர்களின் மறுபிறப்பாக வருகிறார்கள். சுவையான கதை, சிரிக்க வைக்கிறது, நமது பிள்ளைகள் அடித்துப் பிடித்துப் படிக்கிறார்கள். எனினும் மறுபடியும் பாண்டவர்தானா என்று கேட்காமலிருக்க முடியவில்லை. கட்டைவிரலைக் கொடுத்த ஏகலைவன் மறுபிறப்பெடுத்து வந்தால் என்ன கேட்பான்?

நம் பிள்ளைகளுக்கு அவசியம் கொடுக்க வேண்டியது என்று நாம் சொல்வது, அதே 2018-ல் வந்த 'ரத்தமும் எலும்பும் கொண்ட பிள்ளைகள்' என்ற நாவல். எழுதியவர் டோமி அடியெமி. நைஜீரியாவிலிருந்து அமெரிக்காவில் குடியேறிய பெற்றோரின் மகள், அப்போது அவருக்கு வயது 24. யொருபா மக்களின் தெய்வக்கதைகளை வைத்து எழுதப்பட்டது. ஓர் அரசன் ஒரே ராத்திரியில் மந்திரசக்தி உடையவர்களைக் கொன்று தீர்க்கிறான். எஞ்சியவர்களின் பிள்ளைகளுக்குத் தலை நரைத்தே பிறக்கும், அதனால் ஒளிந்து வாழ முடியாது. அவர்களைப் புழு என்று ஏசுகிறார்கள். மேலும் மேலும் வரி போடுகிறார்கள். கட்ட முடியாதவரைக் கட்டாய வேலைக்குப் பிடித்துப் போகிறார்கள். மீனவரின் மகள் ஒருத்தி இதை எதிர்த்துக் கிளம்புகிறாள். அமெரிக்காவில் கறுப்பின மக்கள் போலீஸ் குண்டுக்குப் பலியானதே இந்தக் கதைக்குத் தூண்டுகோல் என்று ஆசிரியரே சொல்லியிருக்கிறார். வன்முறைக் காட்சிகள் உண்டு. ஆகவே சிறு பிள்ளைகளுக்கு வேண்டாம், பதினான்கு வயதுக்கு மேல் கொடுக்கலாம்.

எல்லாம் ஆங்கிலத்தில்தானே இருக்கிறது, தமிழ் என்னாவது என்று மகளிர் அணித் தோழியர் கேட்டது நியாயமான கேள்வி. அதற்கு நம்மிடம் முழுப் பதில் இல்லை. ஆனால் பேராசிரியர் நா. வானமாமலை திரட்டிப் பதிப்பித்த காத்தவராயன், முத்துப்பட்டன் கதைப்பாடல்கள் நம்முடையவை. கி. ராஜநாராயணன் சேகரித்த நாட்டுப்புறக் கதைகள் நம்முடையவை. சாதியை மீறிக் காதலித்துக் கழுவேறியவனும், சக்கிலியப் பெண்களை மணந்து அவர்கள் தொழிலையே செய்தவனும் அவற்றில் நாயகர்கள். யொருபாக் கதையை எடுத்து அந்தப் பெண் நாவல் செய்ததுபோல இதை எடுத்துச் செய்ய நம் சந்துகளில் ஆள் இல்லையா? முதலில் அந்தப் பிள்ளைகள் இவற்றைக் கேட்டிருக்க வேண்டும். பாட்டிமார் இருக்கும்போதே வெள்ளிக்கிழமை மாலை வகுப்பில் ஒரு மணி நேரம் அவர்களுக்கு ஒதுக்கலாம் என்பது நமது யோசனை. சம்பளம் கொடுக்க வேண்டாம், டீ கொடுத்தால் போதும்.

செயற்குழு வரும் மாதம் முதல் ஞாயிறு மாலை ஆறு மணிக்குக் கூடுகிறது. புத்தகக் கட்டு படிப்பகத்தில் இருக்கட்டும், கதைப்பாடல் நூல்களையும் வாங்கி அதே அலமாரியில் வைப்போம் என்று நாம் பிரேரேபிக்கப் போகிறோம். கைதூக்குவதற்கு முன் உறுப்பினர்கள் ஒரு புத்தகத்தையாவது புரட்டிவிட்டு வரவேண்டும். எர்த்ஸீ மட்டும் இப்போது கிடைக்காது. மூத்த தோழர் எடுத்துப் போயிருக்கிறார். குற்றம் கண்டுபிடிக்கத்தான் என்று பதிவேட்டில் கையெழுத்துப் போடும்போது சொன்னார். திருப்பித் தரவேண்டிய நாள் கடந்து ஒன்பது நாளாகிறது.