ஸ்க்ரூ எங்கே போய் முடிகிறது?



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று யூனியன் செயலாளர் கேட்டபோது, கவிதை எழுதலாமா என்றுதான் முதலில் யோசித்தேன். நம் காலேஜில் கவிஞர்களுக்குப் பஞ்சமில்லை. அதனால் நான் தப்பு செய்து கற்றுக்கொண்ட ஒரு விஷயத்தை எழுதுகிறேன். சமையலறைச் சுவரில் பாரம் தாங்கும்படி அலமாரி மாட்டுவது எப்படி? சிரிக்காதீர்கள். என் அம்மா ஆறு வாரம் காலில் மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்தது இதனால்தான்.

போன வருஷம் எங்கள் வீட்டுச் சமையலறைக்கு ஒரு சுவர் அலமாரி வாங்கினோம். 3 அடி அகலம், 2 அடி உயரம், 1 அடி ஆழம். மாட்டிக் கொடுக்க ஆசாரி கூலி கேட்டார். "எதுக்கு தண்டமா காசு? எம் புள்ளயே டிப்ளமோ மெக்கானிக்கல் படிக்கிறான்" என்று அம்மா தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்லிவிட்டார்கள். எனக்கும் பெருமை தாங்கவில்லை. நண்பனிடம் ட்ரில்லிங் மிஷின் இரவல் வாங்கி வந்தேன்.

நான் சும்மா ஓட்டை போடவில்லை நண்பர்களே, கணக்குப் போட்டேன். அலமாரியின் எடை சுமார் 20 கிலோ. உள்ளே வைக்கிற சாமான் 60 கிலோ என்று வைத்துக்கொண்டேன். ஆக 80 கிலோ. ஆழம் 30 செ.மீ. என்றால் பாரம் சுவரிலிருந்து 15 செ.மீ. தள்ளி இறங்கும். 80 × 15 = 1200. மேல் ஸ்க்ரூவிலிருந்து அலமாரியின் அடி விளிம்பு வரை 55 செ.மீ. வகுத்தால் சுமார் 22. அதாவது மேலே இருக்கும் இரண்டு ஸ்க்ரூவும் சேர்ந்து 22 கிலோ இழுப்பைத் தாங்கினால் போதும்; ஒன்றுக்கு 11 கிலோ. கீழ்நோக்கி இறங்கும் 80 கிலோவை நான்கு ஸ்க்ரூவுக்குப் பங்கு போட்டால் தலைக்கு 20 கிலோ. இதெல்லாம் ஒரு ஸ்டீல் ஸ்க்ரூவுக்குக் கால் தூசு. 50 மி.மீ. ஸ்க்ரூ நான்கு, ராவல் பிளக் நான்கு. ரசமட்டம் வைத்துப் பார்த்து மாட்டினேன். அலமாரி ஜம்மென்று நின்றது.

இரண்டு மாதம் நின்றது. தீபாவளிக்கு முந்தின வாரம் பரணில் கிடந்த பித்தளைப் பாத்திரங்களைத் தேய்த்து அம்மா அதில் அடுக்கினார்கள். "என்னடா, மேல் பக்கம் லேசா முன்னாடி வந்த மாதிரி இருக்கு?" என்று ஒருநாள் கேட்டார்கள். "உனக்குக் கண்ணாடி மாத்தணும்மா" என்று சொல்லிவிட்டு கிரிக்கெட் ஆடப் போய்விட்டேன். மறுநாள் விடியற்காலை காபிப்பொடி டப்பாவை எடுக்கக் கதவைத் திறந்தபோது அலமாரி அப்படியே இறங்கிவிட்டது. தலையில் விழவில்லை. வலது பாதத்தில் விழுந்தது. இரண்டு எலும்பு முறிவு.

வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். பலகை மட்டமான பலகை என்றார் அப்பா. கண் திருஷ்டி என்றார் பக்கத்து வீட்டுப் பாட்டி. பிளக் டூப்ளிகேட் என்றேன் நான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று ராத்திரி தரையில் கிடந்ததைப் பொறுக்கிப் பார்த்தேன். நான்கு ஸ்க்ரூவும் நேராகவே இருந்தன, ஒன்றுகூட வளையவில்லை. பிளக் எல்லாம் ஸ்க்ரூவோடு சேர்ந்து வந்திருந்தன. ஒவ்வொன்றையும் சுற்றி வட்டமாகச் சிமெண்ட் பூச்சு ஒட்டியிருந்தது. செங்கல் தூள் நுனியில் மட்டும்தான்.

ஸ்கேல் வைத்து அளந்தேன். ஸ்க்ரூ 50 மி.மீ. அதில் அலமாரியின் பின்பட்டை 18 மி.மீ. தின்றுவிட்டது. சுவர்ப் பூச்சு 20 மி.மீ. மீதி? 12 மி.மீ.! அவ்வளவுதான் செங்கலுக்குள் போயிருக்கிறது. என் மொமென்ட் கணக்கில் தப்பில்லை. மூன்றாம் வகுப்புக் கழித்தல் கணக்கை நான் போடவே இல்லை.

பூச்சு என்பது சுவருக்குப் போட்ட சட்டை. சட்டையைப் பிடித்துத் தொங்கினால் சட்டைதான் கிழியும். கதவைத் திறக்கும்போதும் மூடும்போதும், பாத்திரம் வைக்கும்போதும் எடுக்கும்போதும் பிளக் கொஞ்சம் கொஞ்சமாக ஆடி, பூச்சு உள்ளுக்குள்ளேயே பொடியாகியிருக்கிறது. அம்மா பார்த்த இடைவெளி அதுதான். கண்ணாடி மாற்ற வேண்டியது அம்மாவுக்கு அல்ல.

மறுபடி மாட்டுவதற்கு அதே ஆசாரியைத்தான் கூப்பிட்டோம். அவர் ட்ரில்லைத் தொடுவதற்கு முன் விரல் முட்டியால் சுவரைத் தட்டித் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். 'டொப் டொப்' என்று சத்தம் வந்த இடத்தில் பூச்சு சுவரை விட்டு விலகியிருக்கிறது என்று பென்சிலால் பெருக்கல் குறி போட்டார். சுவிட்ச் போர்டுக்கும் குழாய்க்கும் நேர் மேலே, நேர் கீழே, நேர் பக்கவாட்டில் ஓட்டை போடவே இல்லை. உள்ளே வயரும் பைப்பும் ஓடும். பூச்சு தாண்டி வந்த தூளின் நிறத்தைப் பார்த்தார். சிவப்பாக வந்தால் செங்கல். சாம்பல் நிறமாகவே வந்துகொண்டிருந்தால் செங்கல் இடுக்கில் இருக்கும் கலவை. கொஞ்சம் தள்ளி வேறு ஓட்டை. பிளக் என்ன சைஸோ அதே சைஸ் பிட். பிட்டை ஆட்டாமல் நேராக விட்டார். ஓட்டையில் இருந்த தூளை ஊதி எடுத்துவிட்டு, பிளக் முழுவதும் செங்கலுக்குள் போகும்படி தட்டி இறக்கினார். ஸ்க்ரூ 100 மி.மீ. கழித்துப் பாருங்கள்: 100 − 18 − 20 = 62. அதற்கும் மேல், அலமாரியின் அடியில் ஒரு இரும்பு எல் ஆங்கிளைச் சுவரில் முடுக்கி, பாரத்தில் ஒரு பங்கை அதன் மேல் உட்கார வைத்தார்.

"தம்பி, ஸ்க்ரூ எங்க ஆரம்பிக்குதுன்னு எல்லாரும் பாப்பாங்க. எங்க போய் முடியுதுன்னு பாக்கணும்" என்றார். எந்தப் புத்தகத்திலும் நான் படிக்காத வரி இது.

எல்லாச் சுவரும் எங்கள் வீட்டுச் சுவர் மாதிரி இருக்காது. ஹாலோ பிளாக் சுவரில் சாதாரண பிளக்கின் முனை வெற்றிடத்தில் தொங்கும். அங்கே உள்ளே போய் விரிந்துகொள்ளும் டாகிள் போல்ட் வேண்டும். இல்லாவிட்டால் சல்லடைக் குழாய் செருகி கெமிக்கல் ஆங்கர் போட வேண்டும். லேசான ஏ.ஏ.சி. பிளாக்கை ஹாமர் போட்டுத் துளைத்தால் ஓட்டை அகன்றுவிடும். ஹாமர் இல்லாமல் துளைத்து, அதற்கென்றே விற்கிற நீளமான பிளக்கைப் போட வேண்டும். ஜிப்சம் போர்டுக்கு வருகிற கருப்பு ஸ்க்ரூவைப் பாரம் தாங்கும் இடத்தில் போடவே கூடாது. அது வளையாது, முறியும். அலமாரியின் முதுகில் இருக்கும் மெல்லிய பிளைவுட்டில் ஸ்க்ரூ முடுக்கினாலும் ஆபத்துதான். சுவர் பிடித்திருக்கும், பிளைவுட் பிய்ந்து வரும். தடித்த பட்டை வழியாகத்தான் ஸ்க்ரூ போக வேண்டும்.

மாட்டி முடித்ததும் சாமான் அடுக்க அவசரப்படாதீர்கள். ஒரு செங்கல் சுமார் 3 கிலோ. 20 செங்கல்லை அடுக்கி ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள். கீழே யாரையும் விடாதீர்கள். காலையில் அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே ஒரு தாளைச் செருகிப் பாருங்கள். நுழைந்தால் கழற்றி மறுபடி மாட்டுங்கள். மாட்டி வருஷக்கணக்கானாலும் சரி, வீட்டில் யாராவது "முன்னாடி வந்த மாதிரி இருக்கு" என்று சொன்னால், முதலில் சாமானை இறக்குங்கள். அப்புறம் வாதாடலாம்.

சரி, இதை ஏன் ஆண்டு மலரில் எழுதுகிறேன்? நாம் மூன்று வருஷம் படிக்கிறோம். ஒர்க்‌ஷாப்பில் கை காய்த்துப் போகிற அளவுக்கு ஃபைலிங் போடுகிறோம். மொமென்ட் கணக்கைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வோம். ஆனால் ஒரு செங்கல் சுவரில் ஒரு பிளக்கை இறக்கி, அது எத்தனை கிலோவுக்குப் பிடுங்கிக்கொண்டு வருகிறது என்று ஒருமுறையாவது பார்த்திருக்கிறோமா? நாளைக்கு நம்மில் பலர் சைட்டில் சூப்பர்வைசராக நிற்கப் போகிறோம். நாம் "ஓகே" சொன்ன அலமாரிக்குக் கீழே யாரோ ஒருவருடைய அம்மா நின்று சமைப்பார். இது ஆசாரி வேலை, நம் வேலை இல்லை என்று ஒதுங்கினால் அது படிப்பு ஆகாது.

யூனியனுக்கு என் கோரிக்கை ஒன்றுதான். ஒர்க்‌ஷாப்பின் பின்புறம் காலியாகக் கிடக்கிற இடத்தில் இடுப்புயரச் சுவர் நான்கு எழுப்புவோம். ஒன்று செங்கல், ஒன்று ஹாலோ பிளாக், ஒன்று ஏ.ஏ.சி., ஒன்று கான்கிரீட். சிவில் நண்பர்கள் கட்டட்டும், மெக்கானிக்கல் நாங்கள் பிளக் அடித்துப் பாரம் தொங்கவிட்டுப் பிடுங்கிப் பார்க்கிறோம். பிடுங்கிய ஒவ்வொரு பிளக்குக்கும் பக்கத்தில் எடையை எழுதி வைப்போம். பெரிய செலவில்லை. முதல்வரிடம் அனுமதி கேட்டு வரும் செமஸ்டருக்குள் இதைச் செய்து முடித்தால், நமக்குப் பின்னால் வருகிற ஜூனியர்கள் யார் காலையும் உடைக்காமல் கற்றுக்கொள்வார்கள்.

அம்மா இப்போது நன்றாக நடக்கிறார்கள். ஆனால் அலமாரிக்கு நேர் கீழே நிற்பதில்லை. பக்கவாட்டில் ஒதுங்கி நின்று கையை மட்டும் நீட்டித்தான் டப்பா எடுக்கிறார்கள். "இப்ப ஸ்ட்ராங்கா இருக்கும்மா" என்றால், "சரிப்பா" என்று சொல்லிவிட்டு அப்படியேதான் எடுக்கிறார்கள். அந்த நான்கு பிளக்கையும் நான் தூக்கிப் போடவில்லை. சுவர் கட்ட ஆரம்பிக்கிற அன்று கொண்டு வருகிறேன்.



— இறுதியாண்டு மெக்கானிக்கல் மாணவன்