அப்பாயியின் மங்கு



போன வாரம் பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையில் ஒரு வாழை இலைச் சாப்பாட்டுக் கடை. எதிரே உட்கார்ந்த தம்பிக்கு நாற்பது வயதுதான் இருக்கும். குவித்த வெள்ளைச் சோறு, மேலே கோழிக் குழம்பு, பக்கத்தில் ஆட்டுக்கறிப் பிரட்டல், பொரித்த பாகற்காய், அப்பளம் மூன்று. "நம்ம பாரம்பரியச் சாப்பாடு அண்ணே, உடம்புக்கு ஒண்ணும் செய்யாது" என்று சிரித்தபடி இன்னொரு கரண்டிச் சோறு வாங்கினார். சாப்பிட்டு முடித்ததும் சட்டைப் பையிலிருந்து மாத்திரை டப்பா வெளியே வந்தது. இனிப்புநீருக்கு ஒன்று, ரத்த அழுத்தத்துக்கு ஒன்று, கொழுப்புக்கு ஒன்று.

எனக்கு என் அப்பாயி ஞாபகம் வந்துவிட்டது. கிள்ளான் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். இருட்டோடு பெரட்டுக்கு (காலை ஆள் கணக்கெடுப்புக்கு) கிளம்புமுன், விளிம்பு சிதைந்த ஒரு மங்கில் பழைய சோறு, நாலு சின்ன வெங்காயம், சுட்ட கருவாட்டுத் துண்டு. அதுதான் பசியாறல். ராத்திரிக்கு லயத்துக்குப் பின்னால் நின்ற முருங்கையில் ஒடித்த கீரை, பருப்பு, ரசம், கிடைத்தால் கெம்போங் மீன். கறி என்பது சம்பளத்துக்கும் தீபாவளிக்கும். வாழை இலை கல்யாண வீட்டில் போட்டால்தான்.

நாம் இன்று பாரம்பரியம் என்று சொல்வது அவர்களுடைய விருந்தை. அதைத் தினச் சாப்பாடாக்கிவிட்டோம். மரம் மரமாக நடந்த நடையையும், வாளி தூக்கிய உழைப்பையும் தோட்டத்திலேயே விட்டுவிட்டு வந்தோம்.

2019 தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. இந்தியர்களில் அது 31 விழுக்காட்டுக்கும் மேல். தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதில் வருகிறது, மற்றவர்களுக்கு 59-ஐ ஒட்டி என்று பல நாடுகளைச் சேர்த்து நடந்த ஓர் ஆய்வு 2007-இல் சொன்னது.

இந்த மாரடைப்புக்குப் பின்னால் அழற்சிக்கும் பங்கு உண்டு. கால் சுளுக்கினால் வீங்கிச் சிவக்கிறதே, அதுதான் அழற்சி. ரத்தக்குழாய்ச் சுவரில் கொழுப்பு புகுந்தாலும் உடம்பு அதே படையைத்தான் அனுப்புகிறது. ஆனால் அங்கே சண்டை ஓய்வதில்லை. வருடக்கணக்கில் புகைந்து, ஒருநாள் அந்தக் கொழுப்புத் திட்டு வெடித்து, ரத்தம் உறைந்து வழியை அடைக்கிறது. கொழுப்பைத் தொடாமல் அழற்சியை மட்டும் தணித்த ஒரு மருந்து மாரடைப்பைக் குறைத்ததை 2017-இல் பார்த்தார்கள். தொப்பைக் கொழுப்பு சும்மா கிடப்பதில்லை, அதுவே அழற்சியைக் கிளப்பும். கீரையும் பருப்பும் தரும் நார்ச்சத்தோ குடல் நுண்ணுயிர்களுக்குத் தீனி. அதைத் தின்று அவை வெளியிடும் அமிலங்கள் இந்தப் புகைச்சலைத் தணிக்கக்கூடியவை. கெம்போங், மத்தி, நெத்திலியில் உள்ள ஒமேகா-3 கொழுப்பும் இதயத்துக்கு நல்லது. பழைய சோறு குடல் அழற்சிக்கு உதவுமா என்று சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியே ஆராய்ச்சியில் இறங்கியது. (அழற்சிக்கு என்று மஞ்சள் மாத்திரை விற்பவர்களிடம் கொஞ்சம் ஜாக்கிரதை. வெறும் மஞ்சளின் சத்து உடம்பில் அவ்வளவாக ஏறாது. மிளகு சேர்ந்தால் கூடுதலாக ஏறும். ரசத்தில் இரண்டும் உண்டு, விலையும் குறைவு.)

அந்தக் காலமே பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. கருவாட்டு உப்பு அப்பாயியின் ரத்த அழுத்தத்தை ஏற்றத்தான் செய்தது. தாத்தாவின் சாயங்காலங்கள் கள்ளுக்கடையில் கழிந்தன. நானும் யோக்கியன் இல்லை. மாமாக் கடையில் தே தாரிக்குக்கு 'குராங் மானிஸ்' (இனிப்பு குறைவாக) சொல்லப் பழகவே எனக்கு இரண்டு வருடம் ஆனது. டின் பால் குறைந்த தேநீரின் ருசி இன்னும் முழுதாகப் பிடிபடவில்லை.

ஓர் உதவி வேண்டும். பிரியாணிக் குறிப்பும் கேசரிக் குறிப்பும் நம் அலுவலக அலமாரியில் நிறையக் கிடக்கின்றன. செவ்வாய்க்கிழமை ராத்திரி உங்கள் பாட்டி வீட்டு அடுப்பில் என்ன கொதித்தது? அதை எழுதி அனுப்புங்கள். அளவு தெரியாவிட்டால் 'ஒரு கைப்பிடி' என்றே இருக்கட்டும், நாங்கள் திருத்த மாட்டோம்.

அன்புடன்,
ஆசிரியர்