டிரான்ஸ்பார்மருக்கு முன் கண்டன்சர்

லோ வோல்டேஜ் என்றால் ஊரே கேட்பது பெரிய டிரான்ஸ்பார்மர். மோட்டார் காயில் கட்டும் கடைக்காரன் நான். முதலில் தோட்டம்தோறும் கண்டன்சர் மாட்டுங்கள் என்பேன். இதனால் என் வரும்படி குறையும். குறையட்டும்.

கோடையில் வரும் மோட்டார்களைப் பிரித்தால் பலவற்றில் மூன்று பேஸ் காயிலும் ஒரே சீராகக் கருகியிருக்கும். ஒரு பேஸ் போய் எரிந்திருந்தால் கருகல் இப்படிச் சமமாக இருக்காது. வோல்டேஜ் இறங்கி, மோட்டார் திணறி, ஆம்பியர் ஏறி வெந்த காயில் இது. வோல்டேஜ் 20 சதவீதம் குறைந்தால் மோட்டாரின் இழுவையில் 36 சதவீதம் போய்விடும். ஸ்டார்டர் அடிக்கடி டிரிப் ஆகிறதே என்று ஓவர்லோட் ரிலே செட்டிங்கையும் ஏற்றி வைத்துவிட்டால், காயிலைக் காப்பாற்ற எதுவுமில்லை.

மோட்டார் இழுக்கும் கரண்ட் முழுவதும் தண்ணீர் இறைப்பதில்லை. ஒரு பகுதி, காந்தப்புலம் உண்டாக்குவதற்காக லைனில் சும்மா போய்வருகிறது. போய்வருகிற வழியில் கம்பியைச் சூடாக்கும், வோல்டேஜை இறக்கும். கண்டன்சர் இருந்தால் அதை மோட்டார் பக்கத்திலேயே கொடுத்துவிடும். மொத்தத்தில் வேலைக்குப் பயன்படும் பங்குதான் பவர் ஃபேக்டர். அது 0.7 என்றால் 100 கேவிஏ டிரான்ஸ்பார்மரால் 70 கிலோவாட்தான் தர முடியும், 0.95 ஆக்கினால் 95. அதே லோடுக்கு லைன் கரண்ட் கால்வாசி குறையும், கம்பியில் வீணாவது ஏறக்குறைய பாதியாகும். 5 ஹெச்பி மோட்டாருக்கு 2 கேவிஏஆர் கண்டன்சர் போதும்.

பிறகு ஏன் யாரும் மாட்டுவதில்லை? ஒருவர் மட்டும் மாட்டினால் அவருக்கே பெரிதாகத் தெரியாது. லைனில் எல்லோரும் மாட்டினால்தான் கடைக்கோடித் தோட்டத்தில் வோல்டேஜ் நிமிரும். உயரழுத்த இணைப்புள்ள ஆலைக்குப் பவர் ஃபேக்டர் 0.90க்குக் கீழே போனால் கூடுதல் கட்டணம் விழும்; அதற்குப் பயந்தே கண்டன்சரைக் கவனிக்கிறார்கள். விவசாயத்துக்கான இலவச மின்சாரத்தில் அந்தப் பயம் இல்லை. விவசாயிக்கு அபராதம் போடச் சொல்லவில்லை. பலன் எல்லோருக்கும் என்பதால் மின்வாரியமே வாங்கி மாட்டட்டும்.

மாட்டியதோடு விடவும் கூடாது. கண்டன்சர் செத்தாலும் மோட்டார் ஓடிக்கொண்டுதான் இருக்கும், ஒருவருக்கும் தெரியாது. கோடைக்கு முன் ஒருமுறை கரண்ட் அளக்கும் டாங் டெஸ்டரைக் கண்டன்சர் வயரில் மாட்டிப் பார்த்தால் போதும். 2 கேவிஏஆருக்குச் சுமார் இரண்டரை ஆம்பியர் காட்ட வேண்டும். ரொம்பக் குறைந்தால் கழற்றி மாற்ற வேண்டியதுதான்.

புது டிரான்ஸ்பார்மருக்கு எஸ்டிமேட் போடும்போது அந்த லைனின் பவர் ஃபேக்டரை அளந்து எழுதட்டும். அந்தக் கணக்கு இல்லாத எஸ்டிமேட்டில் எந்த அதிகாரியும் கையெழுத்துப் போடக் கூடாது.