மன்னர்க்கு மட்டுமா களரி?

மட்டக்களப்பு வாவியின் இரு கரையிலும் கூத்துக் களரி எழும்போதெல்லாம், கற்றோர் சிலர் குற்றப்பத்திரிகையோடு வந்து நிற்பர். "வாழ்க்கையில் எவன் ஆடிக்கொண்டு பேசுகிறான்? எவன் பாடிக்கொண்டு போர் புரிகிறான்? இது யதார்த்தம் அன்று!" என்பது அவர்தம் வாதம். ஐரோப்பாவிலிருந்து இச்சொல்லைக் கடன் வாங்கியோர், அங்கே அச்சொல்லின் பொருட்டு நிகழ்ந்த வழக்கு யாதென அறிவாரா?

1849ஆம் ஆண்டில் கூர்பே என்னும் பிரெஞ்சு ஓவியர், சாலையோரம் கல்லுடைக்கும் முதியவர் ஒருவரையும் சிறுவன் ஒருவனையும் தீட்டினார். அடுத்து, ஓர்னான் என்னும் தம் சிற்றூரில் நிகழும் சவ அடக்கத்தை இருபது அடிக்கு மேற்பட்ட அகலத்தில் வரைந்தார். அத்துணைப் பெரிய ஓவியம் அதுவரை மன்னர்க்கும் தேவர்க்கும் போர் வெற்றிக்குமே உரியதாயிருந்தது. அந்த இடத்தில் ஊர்க்குடிகள் வந்து நின்றதைப் பாரிசு நகரத்து விமரிசகர் பலர் பொறுக்கவில்லை. 1857இல் மில்லே, அறுவடை முடிந்த வயலில் சிந்திய கதிர் பொறுக்கும் மூன்று பெண்களை வரைந்தபோதும் சீமான்கள் முகஞ்சுளித்தனர். எப்படி வரைந்தான் என்பதினும் யாரை வரைந்தான் என்பதே அங்கு வழக்கு.

நாடகத்திலும் அஃதே. ஜெர்மானியரான ஹௌப்ட்மன் எழுதிய 'நெசவாளர்', 1844இல் சிலேசியாவில் பசி தாளாது கிளர்ந்தெழுந்த தொழிலாளரின் கதை. 1892இல் பேர்லின் பொலிசார் அதனைத் தடை செய்தனர். வழக்கு பிரசிய உயர் நிருவாக நீதிமன்றம் வரை சென்றது. 1893இல் தடை நீங்கியது. காரணம் யாது? கருத்துரிமையா? அன்று! அவ்வரங்கின் நுழைவுச்சீட்டு விலை மிகுதி. தொழிலாளர் பெருந்தொகையாய் வரமாட்டார். ஆகவே கலகம் விளையாது என்றது தீர்ப்பு! சட்டம் பயின்றோர் மறக்கலாகாத தீர்ப்பு இது. உண்மையைக் காட்டலாம், அவ்வுண்மைக்கு உரியவன் மட்டும் அதனைக் காணலாகாது என்பதன்றோ அதன் பொருள்?

இனி நம் களரியை நோக்குக. நுழைவுச்சீட்டு இல்லை, வாயில் காப்போன் இல்லை. ஊரே வட்டமாய்ச் சூழ்ந்திருக்கிறது. பகலில் வயலில் நின்றவனே இரவில் கர்ணனாய் ஆடுகிறான்; பார்த்திருப்பவனும் அவன் அயல் வயற்காரனே. பேர்லின் பொலிசார் எந்தக் கூட்டத்துக்கு அஞ்சினரோ, அந்தக் கூட்டம் நம்மிடம் விடியும்வரை கூடியிருக்கிறது! இவ்வரங்கை இழிவென ஒதுக்கிவிட்டு யதார்த்தத்தைத் தேடுவது, வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவதன்றி வேறென்ன?

ஆயினும், கூத்தின் காவலர் எனப்படுவோரையும் ஒன்று கேட்போம். படுவான்கரை வயல்களில் உழைக்கும் முல்லைக்காரன் நம் பழைய ஏடுகளில் எதன் நாயகன்? வாவியில் இரவெல்லாம் வலை வீசுவோனுக்கு எந்த அண்ணாவியார் வரவுப் பாட்டு அமைத்தார்? வெள்ளம் கொண்டுபோன வேளாண்மையும், அடைபடாத கடனும், போடியார் வீட்டுக் கணக்கும் எந்தக் களரியில் பாடப்பட்டன?

"மரபு கெடும்" என்பர். கெட்டதா? 1962இல் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 'கர்ணன் போர்' கூத்தைச் சுருக்கிப் பேராதனை மாணவரைக் கொண்டு மேடையேற்றினார். கூத்து அழியவில்லை, அதனை இகழ்ந்தோரும் எழுந்து நோக்கினர். மட்டக்களப்பு மண்ணின் மைந்தரான மௌனகுரு, 1969இல் வடமோடி ஆட்டத்தைக் கொண்டே வர்க்கப் போராட்டத்தைச் 'சங்காரம்' என்னும் நாடகமாக்கினார். மத்தளம் கிழிந்துவிடவில்லை, தாளம் பிசகிவிடவில்லை.

ஆகவே நம் கோரிக்கை தெளிவானது. படச்சட்ட மேடையும் பொய்க் கதவும் நாற்காலியும் யதார்த்தம் ஆகா. அண்ணாவிமார் தம் ஆட்டத்தையும் தாளத்தையும் கைவிட வேண்டா. புதிய ஏடுகளை எழுதுவிக்க. கற்றோர் குறை கூறுவதை விடுத்து எழுத முன்வருக. பொருளுதவும் செல்வர், தம்மைச் சுடும் வரியை நீக்குமாறு கேளாதிருக்க. களரியில் கர்ணனுக்கு என்றும் இடமுண்டு. அவனுக்குச் சோறிட்டவனுக்கும் இடம் வேண்டும்!