குப்பை மேட்டைத் திருத்துமுன்

கண்டி நகரின் குப்பை பல பத்தாண்டுகளாகக் கொட்டப்பட்டு வந்த இடம், கட்டுகஸ்தோட்டைக்கு அருகிலுள்ள கொஹாகொடை. பக்கத்திலே மகாவலி கங்கை. மழை பெய்தால் குப்பையிலிருந்து ஊறும் கறுத்த நீர் ஆற்றைத்தான் நாடுகிறது. அந்த ஆற்று நீரின் ஒரு பகுதி 1976 முதல் பொல்கொல்லையில் மறிக்கப்பட்டு, சுரங்க வழியாக உக்குவளைக்கும் அப்பால் வடமத்திய வயல்களுக்கும் போகிறது. ஆகவே இது நகரத்தவரின் கவலை மட்டுமல்ல, கமக்காரரின் கவலையுமாகும்.

மேட்டை மண்ணிட்டு மூடலாம், உரம் செய்யலாம், மின்சாரம் எடுக்கலாம் என்று யோசனைகளுக்குக் குறைவில்லை. அவற்றை நாம் பழிக்கவில்லை. முதலில் யாரிடம் பேசினார்கள் என்பதே எமது கேள்வி.

எந்தச் சரிவில் ஊற்று இருந்தது, மழைவெள்ளம் எந்த வழியாய் இறங்கியது என்பதை அயற்கிராமத்து முதியோர் அறிவர். எந்தப் பக்கத்தில் எதைக் கொட்டினார்கள் என்பதை நகரசுத்தித் தொழிலாளர் அறிவர். மஹியாவையில் வாழும் அவர்களின் முன்னோரை ஆங்கிலேயர் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவந்தனர். தொழிலைச் சொல்லி அவர்களை ஒதுக்கிவைத்த சமூகம் (எம்மவரும் இதில் சேர்த்திதான்) அவர்களிடம் ஆலோசனை கேட்குமா? வரைபடத்தில் இல்லாத அறிவு அங்கேதான் இருக்கிறது. கொழும்பு மீதொட்டமுல்லையிலும் அயலவர் பல ஆண்டுகள் முறையிட்டார்கள். 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு தினத்தில் மேடு சரிந்து முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர்.

காணி இழந்த எமக்கு இது புதிதல்ல. விக்டோரியா நீர்த்தேக்கத்தில் பழைய தெல்தெனியா மூழ்கியபோது, காணிக்கு அளவு இருந்தது; கிணற்றடிக்கும் அயலுறவுக்கும் அளவு இருக்கவில்லை.

இடம்பெயர்ந்தோருக்குக் கிடைப்பது பெரும்பாலும் பிறர் வேண்டாமென்று விட்ட நிலமே. மூடிய குப்பை மேடு பல ஆண்டுகளுக்குத் தாழ்ந்துகொண்டே இருக்கும். வீட்டுச் சுவர் வெடிக்கும். உள்ளே மெதேன் வாயு பிறக்கும், அது தீப்பற்றக்கூடியது. ஆழ வேரோடும் மரங்கள் மேல்மூடியைத் துளைக்கும். கீரையும் கிழங்கும் மண்ணிலுள்ள நஞ்சை ஏற்கலாம். மேற்பார்வைக்குப் பச்சைப் புல்தரையாகத்தான் தெரியும். மாட்டை அவிழ்த்துவிட யாருக்குத்தான் மனம் வராது?

அப்படியொரு காணி தரப்பட்டால், முன்பு அங்கே என்ன இருந்தது என்று அயலவரைக் கேளுங்கள். மண்ணையும் கிணற்று நீரையும் பரிசோதித்த முடிவைத் தமிழிலும் சிங்களத்திலும் ஊர்க்கூட்டத்தில் வாசிக்கச் சொல்லுங்கள். வாசித்து விளங்கும்வரை கையொப்பம் வைக்க வேண்டாம்.