இலவசமாப் படிப்பிக்கிறவை எதை விக்கினம்?

ஏ.எல் எழுதிப்போட்டு வீட்டில் சும்மா இருந்த காலம் எங்கள் எல்லாருக்கும் உண்டு. பெறுபேறு வரச் சில மாதம், கம்பஸ் தொடங்க இன்னும் பல மாதம். அந்த இடைவெளியில் அம்மாமார் எங்களை இரண்டு இடத்துக்குத் துரத்துவினம். ஒன்று இங்கிலீஷ் கிளாஸ், மற்றது கொம்பியூட்டர் கிளாஸ். சந்தியில் ஒரு கடைக்கு மேல்மாடியில், பத்துப் பழைய மெஷினோடு இருந்த அப்படியொரு இடத்தில்தான் எங்களில் பலர் முதன்முதலாக மவுஸைப் பிடித்தோம்.

இப்போது தம்பி, தங்கச்சிமார் "எங்க படிக்கலாம்?" என்று கேட்டால் நாங்கள் என்ன செய்கிறோம்? ஒரு லிங்க்கை அனுப்புகிறோம். மைக்ரோசொஃப்ட் லேர்ன் இலவசம். சிஸ்கோ 1997இலிருந்தே நெட்வொர்க்கிங் அகடமி நடத்துகிறது. கூகுளின் சான்றிதழ்கள் கோர்சேராவில் இருக்கின்றன. உலகக் கொம்பனியே படிப்பிக்கும்போது சந்திக் கிளாஸுக்கு ஏன் காசு கட்டவேணும்?

கேள்வி நியாயமானது. அந்தக் கிளாஸ்களை நாங்கள் புனிதமாக்கவும் விரும்பவில்லை. களவுக் கொப்பி மென்பொருள், பத்து வருசப் பழைய போட்டோகொப்பி நோட்ஸ், பரீட்சை வைக்காமலே லெமினேட் பண்ணித் தந்த சான்றிதழ் எல்லாம் நாங்கள் கண்டவைதான்.

ஆனால் கொம்பனி ஏன் இலவசமாகப் படிப்பிக்குது எண்டதையும் கொஞ்சம் யோசிக்கவேணும். அவர்களுக்குப் படிப்பு ஒரு செலவு; அதை மென்பொருளில் எடுத்துவிடலாம். ஒரு மென்பொருளில் பழகிய கை வேலைக்குப் போன இடத்திலும் அதையே கேட்கும். சந்தி ஆசிரியருக்கோ படிப்பிப்பதுதான் வருமானம். அவர் விற்பதை மற்றவர் இலவசமாகக் கொடுத்தால், அது சமமான போட்டி இல்லை. இன்னொரு வேடிக்கை, அவர் இவ்வளவு காலமும் எக்ஸலையும் போட்டோஷொப்பையும் பழக்கி, அந்தக் கொம்பனிகளுக்குப் பாவனையாளரைச் சம்பாதித்துக் கொடுத்தவர்.

எதைப் படிப்பது, எப்போது அது காலாவதியாவது என்பதும் கொம்பனியின் கையில்தான். அடோபி 2013இல் தன் வடிவமைப்பு மென்பொருள்களை மாதச் சந்தாவுக்கு மாற்றியது. ஃபிளாஷுக்கான ஆதரவை 2020 முடிவோடு நிறுத்தியது. ஒரு காலத்தில் பெரிய மரியாதையாக இருந்த எம்.சி.எஸ்.இ சான்றிதழை மைக்ரோசொஃப்ட் 2021 ஜனவரியோடு ஓய்வுக்கு அனுப்பியது. பாடம் இலவசமாக இருந்தாலும், பெயர்பெற்ற பரீட்சைகள் பலவற்றின் கட்டணம் டொலர் விலையைப் பார்த்துத்தான் போகும். 2022இல் 200 ரூபாவாக இருந்த டொலர் சில மாதத்தில் 350ஐத் தாண்டியபோது அது எங்களுக்கு என்னவாயிருந்தது என்று சொல்லத் தேவையில்லை.

எங்களுக்கு முக்கியமாகப் படுவது இதுதான்: "இந்த வேலைக்கு எங்கட மென்பொருள் தேவையில்லை" என்று ஒரு கொம்பனியும் தன் பாடத்தில் படிப்பிக்காது. சந்தியில் இருக்கும் ஆசிரியரால் அதைச் சொல்லமுடியும். "சின்னக் கடைக் கணக்குக்கு லிப்ரே ஒபிஸ் காணும், காசைக் கட்டாத" என்று சொல்ல, எதையும் விற்காத ஒருவர் வேணும். அப்படியான ஆட்கள் இல்லாமற் போனால், எங்களுக்கு என்ன தேவை என்பதை விற்கிறவரிடமே கேட்கவேண்டி வரும்.

மொழியும் இருக்கிறது. அந்தப் பாடங்களில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில். முதல் வீடியோவிலேயே நின்றுபோகும் பிள்ளைக்கு அது இலவசமாய் இருந்து என்ன பயன்? அச்சகத்தில் வேலைக்குப் போனால் பாமினியில் டைப் பண்ணத் தெரியுமா என்று கேட்பார்கள். அரச அலுவலகக் கடிதத்துக்கு யுனிகோட் வேணும். பாமினியில் அடித்ததை யுனிகோடுக்கு மாற்றினால் எங்கே எழுத்துச் சிதறும் என்பதை எந்த உலகக் கொம்பனியின் பாடத்திலும் நாங்கள் காணவில்லை. பக்கத்தில் வந்து நின்று, "இந்த கீயை அமத்து" என்ற ஒருவர்தான் எங்களுக்கு அதைப் பழக்கியவர்.

அதுக்காக லிங்க்குகளைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. இலவசப் பாடத்தைப் பாடப்புத்தகமாக வைத்துக்கொள்ளலாம். ஆசிரியரின் இடத்தில் அதை வைக்காமல் இருந்தால் போதும். கிளாஸ் நடத்துகிறவர்களும் கொம்பனியின் பெயரைப் பலகையில் போட்டுக் கூட்டம் சேர்ப்பதை விடவேணும். பெயரை விற்கும் போட்டியில் பெயருக்குச் சொந்தக்காரன்தான் வெல்லுவான். அதைவிட, மூன்றாம் நிலை மற்றும் வாழ்க்கைத் தொழிற் கல்வி ஆணைக்குழுவில் பதிந்து, என்.வி.கியூ தகைமைக்குப் பிள்ளைகளைத் தயார்படுத்தலாம். ஒரு கொம்பனி தன் பொருளை மாற்றியதற்காக அந்தத் தகைமை செல்லாமற் போகாது.

நாங்கள் செய்யக்கூடியது சின்ன வேலை. அடுத்த முறை ஒரு தம்பி கேட்டால், லிங்க்கை அனுப்பமுதல் "என்ன வேலைக்குப் படிக்கப்போறாய்?" என்று கேட்போம். பிறகு ஊரில் நல்லாப் படிப்பிக்கிற ஒருவர் இன்னும் இருக்கிறாரா என்று விசாரிப்போம். இருந்தால், முதல் நாள் நாங்களே கூட்டிக்கொண்டு போவோம்.