பேர் எழுத இடமில்லாத ட்ரம்

எங்கட கழகத்தில மறுகாவும் காசு சேர்க்கிறாங்க. புது ட்ரம் செட் வாங்கப் போறாங்களாம். அதனால இதை இப்பவே எழுத வேண்டிக் கிடக்கு.

போன முறை வாங்கினதை ஊருக்கே தெரியும். லொறியில வந்து இறங்கிச்சு, அஞ்சு துண்டு, கடும் சிவப்பு. பேஸ் ட்ரம்மின் முகத்தில பெரிய எழுத்தில "அன்பளிப்பு" என்று போட்டு, வெளிநாட்டில இருக்கிற ஒரு அண்ணனின் பேரும், காலமான அவர் அப்பாவின் பேரும். அதில எனக்கு ஒரு குறையும் இல்ல, காசு தந்தவர் பேர் போடட்டும். ஆனா அந்த ட்ரம்மை அடிக்கப் போறவன் நான். என்ன வாங்கலாம், எது நல்லது என்று என்னிட்டயோ, எனக்கு முதல் அடிச்ச அண்ணனிட்டயோ யாரும் ஒரு சொல்லுக் கேட்கல்ல. கூட்டத்தில படம் பார்த்தாங்க, நிறம் பிடிச்சுது, முடிஞ்சுது.

ரெண்டு மாரி போச்சு. பேஸ் ட்ரம் இன்னும் இருக்கு, பேரும் மங்கல்ல. ஸ்னேர்தான் முதல் செத்தது. வளையம் துருப்பிடிச்சு, கம்பியை ஏத்தி இறக்கிற லீவர் வழுக்கி, ஒரு நத்தார் கரோலுக்கு நடுவில கீழ்க் கம்பி கழண்டு தொங்கிச்சு. மிச்சப் பாட்டெல்லாம் வெறும் தகரப் பேணி அடிச்ச சத்தம்.

நான் சொல்றது இதுதான்: இந்த முறை செட் வாங்காதீங்க. பழைய பேஸ் ட்ரம்மும் டொம்களும் இன்னும் ஓடும். சேர்ந்த காசு முழுவதுக்கும் ஒரே ஒரு நல்ல பித்தளை ஸ்னேர் வாங்குங்க.

"ஒரு ட்ரம்முக்கு இவ்வளவு காசா?" என்று கேட்பாங்க. ஒரு பாட்டை எடுத்து எண்ணிப் பாருங்க. நாலு தட்டுப் பாட்டென்றால் ரெண்டாவதும் நாலாவதும் ஸ்னேர். பாட்டுத் தொடங்கி முடியும் வரைக்கும் அது நிக்கிறதில்ல. டொம் எப்பவாவது ஒரு உருட்டலுக்கு வரும். நாங்க காசைக் கொட்டுறது எப்பவாவது வாற சாமானில. முழு நேரமும் வேலை செய்யிறதுக்கு மட்டும் செட்டோட சும்மா வாறது காணுமாம். ஏன் இப்படி? ஸ்னேரில பேர் எழுத இடம் இல்ல, அதுதான் காரணம். ஆறரை அங்குல உயரம், அதைச் சுத்தி எட்டோ பத்தோ பூட்டு, லீவர். யார் வந்து அதுக்கு அன்பளிப்புத் தருவார்?

ரெண்டாவது பிரச்சினை சத்தம். எங்கட ஊரில ஒரு ட்ரம் நல்லதா கூடாதா என்று பார்க்கிற விதம் ஒண்டுதான். ஒருத்தர் வருவார், தடியை எடுப்பார், பலம் முழுக்கச் சேர்த்து ஒரு அடி. "ஆ, நல்ல சத்தம்!" பலமா அடிச்சா வாளியும் சத்தம் போடும். ஒரு ஸ்னேரைச் சோதிக்க வேண்டியது விரல் நகத்தால. நடுவில இல்ல, வளையத்துக்குக் கிட்ட மெல்லத் தட்டுங்க. அந்தத் தட்டுக்குக் கீழ இருக்கிற கம்பிகள் பதில் சொல்லுதா? சொன்னா அது ட்ரம். சொல்லாட்டி அதைக் கடைக்காரரிட்டயே குடுத்திட்டு வாங்க.

நாங்க இதை வெள்ளைக்காரன்ட விளையாட்டு மாதிரி நினைக்கிறதும் ஒரு பிழை. வைகாசியில கண்ணகி அம்மன் கோயில் கதவு திறந்து குளிர்த்தி பாடுற ஊர்கள் இது. உடுக்கைக் கையில எடுத்துப் பார்த்திருக்கிறீங்களா? இடுப்பு ஒடுங்கின உடல், மரத்திலயும் இருக்கும், பித்தளையிலயும் இருக்கும். அதன் ஒரு முகத்துக்குக் குறுக்கே மெல்லிய நூலோ கம்பியோ இழுத்துக் கட்டி இருக்கும். உடுக்கு அதிரும்போது வாற அந்த 'ஙீ' என்ற இரைச்சல் அந்த நூலாலதான். பித்தளை உடலில தோல், தோலுக்குக் குறுக்கே நூல்: ஸ்னேரின் சூத்திரமும் அதேதான். உடுக்கு அடிக்கிற பெரியவர் ஒருத்தரும் அதைப் போட்டு உடைக்கிற மாதிரி அடிச்சு நான் காணல்ல. விரலால பேச வைப்பார், இடுப்புக் கயித்தை நெரிச்சுச் சுருதியை ஏத்தி இறக்குவார். அந்தப் பெரியவரைக் கூட்டிக்கொண்டு ட்ரம் வாங்கப் போனா எங்கட காசு மிஞ்சியிருக்கும்.

சரி, ஏன் பித்தளை? பெரியகல்லாற்றில இருந்து பார்த்தா முதல் காரணம் இசையே இல்ல, காத்து. கிழக்கே கடல், மேற்கே வாவி, நடுவில நாங்க. வீட்டு ஜன்னல் கம்பியையே தின்னுற உப்புக் காத்து, இரும்பு ஸ்னேரை விடுமா? முந்தின காலத்தில கவலை தோலைப் பற்றித்தான். மழைக்குத் தோல் தொய்ஞ்சிடும், நெருப்பில காய்ச்சி எடுப்பாங்க, பறைக்கும் அப்படித்தான். 1950களில அமெரிக்காவில சிக் எவன்ஸ், ரீமோ பெல்லி போன்றவர்கள் பிளாஸ்ரிக் தோலைக் கொண்டு வந்ததோட ட்ரம் தோலுக்கு மாரிப் பயம் போச்சு. இப்ப மாரியில சாகிறது உலோகம். பித்தளை செம்பும் நாகமும் கலந்தது, கறுக்கும், பச்சை பிடிக்கும், ஆனா இரும்பு மாதிரித் துருப்பிடிச்சு உதிராது. அதைத் துடைச்சு வைக்க யாரும் படிப்பிக்கத் தேவையில்ல, குத்துவிளக்கு இருக்கிற வீட்டில எல்லாம் அந்த அறிவு இருக்கு. (மேல லக்கர் பூசின ட்ரம்முக்குப் புளி போட்டு உரசிடாதீங்க, ஈரமில்லாத துணி காணும்.) வளையமும் முறுக்காணிகளும் பித்தளை ஸ்னேரிலயும் பெரும்பாலும் இரும்புதான், அதுக்கு மாதம் ஒருக்கா ஒரு துளி எண்ணெய்.

இசைக் காரணம் ரெண்டாவது, ஆனா அதுதான் பெரிசு. இரும்பு ஸ்னேர் கூர்மையாக் கத்தும், தகரக் கூரை மண்டபத்தில அந்தக் கத்தல் பாடகரின் குரலை வெட்டிப் போடும். அலுமினியம் உலர்ந்த சத்தம், சுத்தமானது, ஆனா மெலிவு. பித்தளை ரெண்டுக்கும் நடுவில நிக்கும். மேல் கூர்மையும் இருக்கு, அடியில ஒரு சூடும் இருக்கு. தோலைத் தளர்த்தினா மெதுவான பாட்டுக்குக் கொழுத்த அடி, இறுக்கினா பைலாவுக்கும், மட்டக்களப்புப் பறங்கியர் கலியாணத்தில ஆடுற கஃப்ரிஞ்ஞாவுக்கும் வேணுமான ஆறு-எட்டுத் தாளத்துக்குப் பொரிஞ்சு விழும். லீவரை இறக்கிக் கம்பியை விலத்தி விட்டா அது வேற ட்ரம், டிம்பாலே மாதிரி. காலைல தேவாலயத்தில கரோல், பின்னேரம் விளையாட்டுப் போட்டி, இரவு கோயில் திருவிழாவில இசைக்குழு என்று ஒரே சாமானைத் தூக்கிக்கொண்டு ஓடுற எங்களுக்கு இதைவிட என்ன வேணும்?

எதிர்ப் பக்கத்தையும் சொல்லணும். லட்விக் கம்பனி 1960களின் தொடக்கத்தில தன்ர பெயர்போன 400 ரக ஸ்னேரைப் பித்தளையில இருந்து அலுமினியத்துக்கு மாத்திச்சு, அந்த அலுமினிய ட்ரம்மில பதிவான பாட்டுகளுக்குக் கணக்கில்ல. ஆகவே பித்தளை இல்லாட்டி இசையே இல்ல என்று நான் சொல்லல்ல. அதோட, பித்தளை அலுமினியத்தைப் போல மூன்று மடங்கு அடர்த்தி. பாடசாலைப் பாண்ட் வாத்தியத்தில பத்து வயசுப் பிள்ளையின் தோளில இதைக் கொழுவாதீங்க. அது ஸ்ராண்டில நிக்கிற ட்ரம், நடக்கிற ட்ரம் இல்ல.

ஆனா எங்கட கழகத்துக் கூட்டத்தில யாரும் அலுமினியமா பித்தளையா என்று வாதாடல்ல. அடிக்கிறவனிட்ட கேட்க வேணும் என்ற யோசனையே அங்க வரல்ல. இதுக்குள்ள பழைய நோய் ஒண்டு கிடக்கு, சொன்னா சிலருக்குக் கோவம் வரும். மேளம் அடிக்கிறவர் எங்கட ஊர்களில எப்பவும் கூப்பிட்டா வாற ஆள், கூட்டத்தில கதிரை போட்டு இருத்திற ஆள் இல்ல. பறைமேளமும் சொர்ணாளியும் இல்லாமச் சடங்கு நடக்காது, ஆனா பறை அடிச்சவர் வாசலுக்கு வெளியிலதான் நிண்டார். சாதி பார்த்து நிப்பாட்டினது அது. அந்தப் பிள்ளைகள் பலர் கோலைத் தூக்கி எறிஞ்சதுக்கும் அதுதான் காரணம். இப்ப கறுப்புக் கண்ணாடி போட்டு ட்ரம் செட்டுக்குப் பின்னால இருக்கிற எங்களுக்குக் கை தட்டுறாங்க. எனக்கு நடந்ததையும் அவங்களுக்கு நடந்ததையும் ஒரே தராசில வைக்க மாட்டன். ஆனா 'அடிக்கிறவனுக்கு என்ன தெரியும்' என்ற எண்ணம் வந்த வழி அதுதான்.

இனி வாங்கிறதுக்கு. பதினாலு அங்குல அகலம், ஆறரை அங்குல உயரம். அஞ்சு அங்குலமும் நல்லதுதான், ஆனா ஒண்டே ஒண்டுதான் எங்கட கையில என்றால் ஆறரை. லட்விக்கின் பிளாக் பியூட்டி மாதிரிப் பெயர்போனதுக்கு எங்கட காசு காணாது, விடுங்க. நடுத்தர விலையில வேற கம்பனிகளின் பித்தளை ஸ்னேர் இருக்கு. பாவிச்சதென்றாலும் பரவாயில்ல, உலோக உடல் கெதியில கிழடாகாது. 2022இல மார்ச் மாதம் 200 ரூபாயளவில இருந்த டொலர் மே மாதத்தில 360ஐத் தொட்டதுக்குப் பிறகு, புதுசு தான் வேணும் என்று நிக்கிறது எங்களுக்குச் சரிவராது.

கடைக்குப் போகும்போது சட்டைப் பையில ஒரு சின்னக் காந்தம். தங்க நிறமெல்லாம் பித்தளை இல்ல, இரும்புக்கு மேல நிறம் பூசி வைச்சிருப்பாங்க. உடலில காந்தம் ஒட்டினா திரும்பி வந்திடுங்க. வெள்ளி நிறம், கறுப்பு நிறம் என்று பார்த்து ஒதுக்கவும் வேணாம், பிளாக் பியூட்டியே கறுப்பு நிக்கல் பூசின பித்தளைதான். காத்துப் போற சின்ன ஓட்டையின் விளிம்பை உத்துப் பாருங்க, பூச்சுத் தேய்ஞ்ச இடத்தில மஞ்சள் தெரியும். தோலைக் கழட்ட விட்டா, உடலின் விளிம்பை ஒரு கண்ணாடி மேசையில கவிழ்த்து வைச்சு ஆடுதா என்று பாருங்க. லீவரை இருபது தரம் ஏத்தி இறக்குங்க, கடைக்காரர் முறைச்சாலும். கடைசியா விரல் நகம்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு நான் காந்தத்தோட வாறன். காசு தாற அண்ணனுக்கும் ஒரு செய்தி சொல்லி விடுங்க: ஸ்னேரின் உள்பக்கத்தில நிறைய இடம் இருக்கு. அப்பாவின் பேரை அங்க எழுதுவம். அந்தக் காத்து ஓட்டையில ஒரு கண்ணை வைச்சுப் பார்த்தா வாசிக்கலாம்.